பாட்டில்கள் முட்டிக்கொண்ட இடம்

சுமனின் கன்னத்தில் வழிந்தது டானிக்கா, ரத்தமா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறம்.

காலை டீ முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தோம். பட்டென்று ஒரு சத்தம். அந்த ஷெட்டில் பாட்டில் உடைவது தும்மல் மாதிரி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் திரும்பியதற்குக் காரணம் வேறு. பாட்டில் உடைந்தால் சுமன் மராத்தியில் ஒரு வசவு வைப்பாள். பாட்டில் செய்தவன், அதை வாங்கியவன், அதைக் குடிக்கப்போகிறவன் என்று எல்லோரையும் சேர்த்து. அன்று அந்த வசவு வரவில்லை.

கையிலிருந்த குச்சியைக் கீழே போடாமல் அப்படியே நின்றிருந்தாள். இடது கண்ணை மூடியிருந்தாள். சிவப்பு தாடைக்கு இறங்கி, பச்சைச் சேலையில் சொட்டிக் கறுத்தது.

"தங்காபாய், பக் நா, டோள்யாத் காய் கேலம்?" என்றாள். கண்ணில் என்ன போயிற்று பார் என்று, தூசி விழுந்தவள் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

அவளுக்கு முன்னால் சங்கிலி ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன. உடைந்ததன்மேல் அடுத்தது முட்டியது, அதன்மேல் அதற்கடுத்தது. கண்ணாடி தெறித்தது. ஸ்விட்ச் இருந்ததோ ஷெட்டின் மறுகோடித் தூணில், சூப்பர்வைசர் நாற்காலிக்கு மேலே. நாற்காலி காலியாக இருந்தது. அவர் லாரி வாசலுக்குப் போயிருந்தார்.

அந்த ஸ்விட்சைப் பெண்கள் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். நான் ஓடினேன். தரையெல்லாம் பாகு, ஒருமுறை வழுக்கி முட்டியில் விழுந்து எழுந்தேன். கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். ஷெட் முழுக்க அமைதியானது. அந்த அமைதியில்தான் சுமன் முதல்முதலாக அலறினாள்.

பெயரால் வந்த இடம்

தாராவியில் நான் வந்து இறங்கிய கதையைப் போன வாரம் சொன்னேன். செம்பூரில் வேலை கிடைத்த கதை இது.

என் கணவர் தேவசகாயம் மாட்டுங்காவில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். ஒருவர் சம்பளத்தில் பம்பாயில் குடித்தனம் நடக்காது என்பது வந்த சில மாதங்களிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் சந்துப் பெண்கள் பலர் செம்பூரில் ஒரு டானிக் கம்பெனிக்குப் போய்வந்தார்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. இருந்தாலும் நான் சொல்லப்போவதில்லை.

வாசலில் குமாஸ்தா பெயர் கேட்டார். தங்கபாய் என்றேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பாய் உண்டு: ரத்னபாய், கனகபாய், தங்கபாய். அவருக்கு அது தெரியுமா? பாய் என்றாலே மராத்திப் பெண் என்று நினைத்து, 'இரண்டாம் லைன்' என்று எழுதி உள்ளே அனுப்பிவிட்டார்.

முதல் லைனில் இருந்தவர்கள் பெரும்பாலும் தாராவித் தமிழ்ப் பெண்கள். இரண்டாம் லைனில் மராத்திப் பெண்கள். நான் வாயைத் திறந்து, நான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்து மூடி போட ஆரம்பித்திருந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை. சுமன்தான் முதலில் சிரித்தாள். "அரே, இது நகலி பாய்!" போலி பாய். அன்றிலிருந்து நான் அவளுக்குத் தங்காபாய்.

வேலைக்குப் போகும் வழியைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிப்பார்கள். சயான் வரைக்கும் நடை. அங்கிருந்து ரயிலில் குர்லா. குர்லாவில் பாலம் ஏறி இறங்கி வேறு வண்டி பிடித்துச் செம்பூர். இறங்கினதும் மூக்கில் ஒரு நெடி அடிக்கும். அந்தப் பக்கத்துப் புகைபோக்கிகள் தந்தது. கண் எரியும். கம்பெனிக்குள் போனால் அந்த நெடி போய் டானிக் வாசனை வரும். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் சேர்த்துக் காய்ச்சின மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து சேலையைக் கொடியில் போட்டால் எறும்பு வரிசைகட்டி ஏறும். பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் "ஒரு பாட்டில் கொண்டாயேன்" என்று கேட்பார்கள். அந்த டானிக்கை நான் ஆயுளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடிக்கவும் மாட்டேன்.

சந்தியில் நின்றவள்

இரண்டு லைன் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். தகடுகளைக் கோத்த நீளச் சங்கிலி ஒன்று மேஜை உயரத்தில் ஓடும். அதன்மேல் பாட்டில்கள் நின்றபடி போகும். ஒரு முனையில் கழுவிய பாட்டிலை வைப்பார்கள், நடுவில் டானிக் நிரம்பும், அப்புறம் நாங்கள் மூடி போடுவோம். இந்த மாதிரி இரண்டு சங்கிலி. ஆனால் லேபிள் ஒட்டும் மேஜை ஒன்றுதான். ஆகவே ஷெட்டின் கிழக்குப் பக்கம் இரண்டு சங்கிலியும் வளைந்து வந்து ஒன்றாகச் சேரும். இரண்டு நதி கூடுவதுபோல இருந்ததால் அந்த இடத்துக்கு மராத்திப் பெண்கள் சங்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம்.

சங்கத்தில் ஒரு பாட்டில் போகத்தான் வழி. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தால் தோளும் தோளும் முட்டி இறுகிக்கொள்ளும். பின்னால் வருவது தள்ளும். சங்கிலிக்குக் கண் கிடையாது, அது பாட்டுக்கு இழுக்கும். ஓரத்து இரும்புக் கம்பிக்கும் அடுத்த பாட்டிலுக்கும் நடுவில் நசுங்கி ஏதாவது ஒன்று வெடிக்கும்.

அதைத் தடுக்க ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். நுனியில் ரப்பர் சுற்றிய ஒரு குச்சி அவள் கையில். இறுகுகிற பாட்டில்களை அவள் குத்தி விலக்க வேண்டும். அந்தப் பெண்தான் சுமன்.

என் மகன் வாஷியில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களோடு வேலை பார்க்கிறான். இப்போதெல்லாம் அந்த மாதிரிச் சந்திகளில் எலெக்ட்ரிக் கண் ஒன்றைப் பொருத்திவிடுகிறார்களாம். ஒரு பக்கம் வரும்போது மறுபக்கம் தானே நின்றுவிடுமாம். "அப்போ என்ன இருந்தது அம்மா?" என்று கேட்டான். சுமனுடைய கண் இருந்தது என்றேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் கண் இல்லாத காலத்திலும் வழி இருந்தது. சங்கிலி போட்டபோதே குர்லாவிலிருந்து வந்த மெக்கானிக் அங்கே ஒரு பலகைக் கதவு வைத்திருந்தான். கீலில் ஆடும். ஒரு பக்கத்தைத் திறந்தால் மறுபக்கம் அடைபடும். கொஞ்ச நேரம் இந்த லைன், கொஞ்ச நேரம் அந்த லைன். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அதைக் கழற்றி ஸ்டோரில் பெட்டிகளுக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். கழற்றியவர் எங்கள் சூப்பர்வைசர்.

அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதனால் எங்களுக்கு அவர் விசில். தூணில் ஒரு கரும்பலகை மாட்டி, முதல் லைன் எத்தனை பெட்டி, இரண்டாம் லைன் எத்தனை பெட்டி என்று சாக்பீஸால் எழுதுவார். ஜெயித்த லைன் சாயங்காலம் முன்கூட்டியே கிளம்பலாம். தோற்ற லைன் இருந்து, தரையில் கிடக்கும் பாகையும் கண்ணாடியையும் கழுவிவிட்டுப் போக வேண்டும்.

முன்கூட்டியே கிளம்புவது என்றால் சும்மா இல்லை. முந்தின ரயில். முந்தின ரயில் என்றால் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடத்தோடு வரிசையில் நிற்கலாம். மராத்திப் பெண்கள் குடியிருந்த சால் என்ற வரிசைக் குடியிருப்பிலும் இதே கதைதான். ஒரு குடம் தண்ணீருக்காக இரண்டு லைனும் பேய் மாதிரி ஓடியது. பலகைக் கதவு இருந்தால் ஓட முடியாதே? அதனால்தான் கழற்றினார்.

அது ஊரும் கெட்டிருந்த சமயம். மதராசிகள் வெளியே போகட்டும் என்று சுவரில் எழுதியிருந்தார்கள். மாட்டுங்காவில் சில கடைகளின் பலகைகளை உடைத்தார்கள். ரயிலில் நாங்கள் தமிழில் பேசினால் எதிர் சீட்டுக்காரர் முறைப்பார். விசிலுக்கு இதெல்லாம் வசதியாகப் போயிற்று. "ஆஜ் மதராசி லோக் ஜீத் கயா!" என்று கத்துவார், மதராசிகள் இன்றைக்கு ஜெயித்துவிட்டார்கள் என்று. மறுநாள் இரண்டாம் லைன் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டிலை வைப்பார்கள்.

குழாயடியில்

சுமனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது கண் போய்விட்டது என்று மறுநாள் செய்தி வந்தது. அதே நாள் கரும்பலகைக்குக் கீழே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து என்று இருந்தது.

விசில் என் ஸ்டூலுக்கு வந்து அந்தக் குச்சியை நீட்டினார். யாரோ அதைக் கழுவியிருந்தார்கள்.

"தூ கடா ரஹ். சுமன் கா ஜகா."

சுமன் இடத்தில் நீ நில்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். "நிற்க மாட்டேன். பலகையை மாட்டுங்கள். ஸ்விட்சை அந்த இடத்தில் வையுங்கள். அப்புறம் நிற்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"பொம்பளைகள் கையில் ஸ்விட்சைக் கொடுத்தால் அரட்டை அடிக்க நிறுத்துவீர்கள்" என்றார். "நேற்று ஸ்விட்சைத் தொட்டாயே, அதற்கே உனக்குச் சீட்டு கிழிக்கலாம்."

"கிழியுங்கள்."

கிழிக்கவில்லை. குச்சியை வேறு ஒருத்தியிடம் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே வாங்கினாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் சண்முகத்தாயைப் பார்த்தேன். எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். கம்பெனியில் முதல் லைனுக்கு அவள்தான் எல்லாம். அவள் சொன்னால் அந்த லைன் ஓடும். அவள் முறைத்தால் நிற்கும். நான் இரண்டாம் லைனில் உட்கார்ந்ததிலிருந்து என்னை மராட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏட்டி மராட்டிக்காரி, உங்க லைன்காரிக்குக் கண்ணு போயிட்டாமே?"

"உங்க லைன், எங்க லைன்னு சொல்லாதிய யக்கா. நாளைக்கு அந்தக் குச்சிய உங்க கையில குடுப்பாவ."

"நான் ஏன் வாங்குதேன்? நான் மூடி போடுதவ."

"சுமனும் மூடி போட்டவதான். ஒரு நாளு பிந்தி வந்தான்னுதான் அங்க கொண்டு நிறுத்துனாவ."

சண்முகத்தாய் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவள் குடத்தை நகர்த்தவில்லை. பின்னால் நின்றவள் சத்தம் போட்ட பிறகுதான் தூக்கினாள்.

"இப்பம் என்ன செய்யணுங்குத?"

"சங்கத்துல ஒருத்தியும் நிக்கக்கூடாது. பலகைய மாட்டணும். நிறுத்துத விசையும் அங்கயே நம்ம கையில இருக்கணும்."

"அந்த மராட்டிப் பொம்பளைய எல்லாம் ஒத்துக்கிடுவாளுவளா? நம்மளக் கண்டாலே மூஞ்சியத் திருப்புதாளுவ."

"நான் கேக்கேன்."

வீட்டில் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "நீ ஏன்ட்டி முன்னால போய் நிக்க? ஊரு இருக்க இருப்புல இந்த வேல போனா எவன் குடுப்பான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பளைக்குக் கண்ணு இனிமே தெரியவே தெரியாதா?" என்று கேட்டார். தெரியாதாம் என்றேன். அதற்கப்புறம் வேலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எந்தச் சங்கம்?

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் உண்டு. அது இதுதான்.

கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர் என்று ஒருவர் இருந்தார். ராமநாதன் சார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருவார். அதைத் திறந்தால் அந்த மூலையில் மட்டும் டானிக் வாசனை அடங்கும். கெட்டவர் இல்லை. முதலாளிக்கும் எங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவது அவர் உத்தியோகம்.

காலையில் கார்டு பதியும் வரிசையில் சண்முகத்தாய் தன் லைன் பெண்களிடம், அவளுடைய குரலில், அதாவது குர்லா வரைக்கும் கேட்கிற குரலில் சொல்லியிருக்கிறாள்: "ஏளா, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. சங்கம் நம்ம கையில இருக்கணும். அதுல விட்டுக்குடுக்கப்பிடாது!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் ராமநாதன் சார். தமிழ் தெரிந்த ஒரே ஆபீசர். சங்கம் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். காபியைக்கூட மூடாமல் முதலாளி அறைக்கு ஓடியிருக்கிறார்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

"என்னம்மா இது? பொம்மனாட்டிகள்லாம் யூனியன் வைக்கப் போறேளாமே? எந்தக் கட்சி? சிவப்புக் கொடியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன். "சார், சங்கம்னா பாட்டில் ரெண்டும் கூடுத இடம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுதது."

அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். முகத்தைத் துடைத்தார். "அவ்வளவுதானா! நான் என்னமோன்னு நெனைச்சேன். சரி, சரி. நீ படிச்ச பொண்ணு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. ஸ்விட்ச் விஷயத்தை அதோட முடிச்சுடலாம்."

ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு மிஷன் பள்ளியில் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுமன் கவனக்குறைவாக இருந்தாள், நான் பதற்றத்தில் அனுமதியில்லாமல் ஸ்விட்சைத் தொட்டேன், இருவர் தவறுக்கும் வருந்துகிறேன் என்று இருந்தது.

"இதுல சுமன் பேரு எதுக்கு சார்?"

"அது ஒரு ஃபார்மாலிட்டி."

"அவளுக்குக் கண்ணு போயிருக்கு. அதுக்கு நான் வருத்தம் தெரிவிச்சு, அவ தப்புன்னு எழுதிக் குடுக்கணுமா?"

"உன் வேலைக்காகச் சொல்றேன்மா. உன் புருஷன் நம்ம மாட்டுங்காப் பிரஸ்ல இருக்கார். நான் ஒண்ணும் உனக்கு விரோதி இல்லே."

தாளை மேஜையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "சார், அந்தச் சங்கத்தச் சரி பண்ணலைன்னா, நீங்க பயப்படுத சங்கமும் வந்துரும்."

வெளியே வந்து என் ஸ்டூலுக்குப் போய் மூடி போட்டேன்.

இடம் மாறினோம்

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து சுமனைப் பார்க்கப் போனேன். சண்முகத்தாயும் வந்தாள். செம்பூரில் ஒரு சால், மாடியில் ஒற்றை அறை. கண்ணில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஆறுதலாக நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்போது அங்கே யார் நிற்கிறாள்?" என்று கேட்டாள்.

சொன்னோம்.

"அவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது" என்றாள். பிறகு, வழக்கமாகப் பாட்டிலுக்கு வைக்கும் அந்த வசவை வைத்தாள். இந்த முறை பாட்டிலுக்கு அல்ல.

அன்று அங்கே வந்திருந்த இரண்டாம் லைன் பெண்களிடம் பேசினோம். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசி நேரத்தில் மதராசிகள் நழுவிவிடுவீர்கள், நாங்கள் மாட்டிக்கொள்வோம் என்றாள் ஒருத்தி, சண்முகத்தாயின் முகத்துக்கு நேராக. நான் மொழிபெயர்த்தேன். சண்முகத்தாய் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கு நான் அவ ஸ்டூல்ல வந்து உக்காருதேன்னு சொல்லு. அவ என் ஸ்டூல்ல உக்காரட்டும். பெறவு யாரு நழுவுதான்னு பாப்போம்."

திங்கட்கிழமை அப்படியே நடந்தது. சங்கு ஊதியதும் சண்முகத்தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஷெட்டைக் குறுக்கே கடந்து வந்து எனக்குப் பக்கத்து ஸ்டூல்காரி முன்னால் நின்றாள். நேற்று நம்பாமல் பேசிய அந்த மராத்திப் பெண் எழுந்து முதல் லைனுக்குப் போனாள், சண்முகத்தாய் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்புறம் ஸ்டூல்கள் இழுபடும் சத்தம். பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. எது மதராசி லைன், எது மராத்தி லைன் என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

விசில் சாக்பீஸோடு கரும்பலகைமுன் நின்று எங்களைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்து ஊதினார். சங்கிலி ஓடியது. பாட்டில் வைத்தோம். மூடி போட்டோம். வேலை நிறுத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் சங்கத்தில் குச்சியைப் பிடிக்க ஒருத்தியும் போகவில்லை. குழந்தைக்காரியும் எங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

முதல் நெரிசல். பட். நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டோம். அவர் தூணுக்கு ஓடி நிறுத்தினார். கண்ணாடியைத் தள்ளினார். திரும்பவும் ஓடி ஓட்டினார். மறுபடி பட். மறுபடி ஓட்டம். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் பியூனைக் கூப்பிட்டு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, குச்சியைத் தானே எடுத்துக்கொண்டு சங்கத்தில் போய் நின்றார்.

பாட்டில்கள் வந்தன. முட்டின. இறுகின. அவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு குச்சியை நீட்டினார்.

வெடித்தது. குச்சி பறந்து என் காலடியில் விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டையில் மட்டும் சிவப்பு. எங்கள் பக்கத்திலிருந்து யாரோ நீளமாக ஒரு விசில் அடித்தாள். யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

சேட் வந்தார்

மத்தியானம் முதலாளி சேட்டே வந்தார். வெள்ளை உடுப்பு. தரைப் பாகில் செருப்பு ஒட்டாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். ராமநாதன் சார் பின்னாலேயே வந்தார்.

பலகைக் கதவை மாட்டலாம் என்றார் சேட். ஸ்விட்சையும் அங்கே வைக்கலாம், வயர் இழுக்க ஒரு நாள் ஆகும் என்றார். அவ்வளவு எளிதாக வந்துவிட்டது. இத்தனை நாள் அதற்குத் தடையாக இருந்தது என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"சுமன்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தாயிற்று. ஒற்றைக் கண்ணோடு பாட்டில் ஷெட்டில் எப்படி வேலை செய்வாள்? வேறு எங்காவது பார்த்துக்கொள்ளட்டும்."

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சண்முகத்தாய் எழுந்துவிட்டாள். அவளுக்கு இந்தி என்றால் குழாயடி இந்தி, ரயில் இந்தி. அதிலேயே சொன்னாள்:

"உஸ்கா ஆங்க் இதர் கயா. காம் பி இதர் ஹி மாங்தா."

அவள் கண் இங்கேதான் போயிற்று. வேலையும் இங்கேதான் வேண்டும்.

சேட் ராமநாதன் சாரைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லி எங்களை அடக்குவார் என்று எதிர்பார்த்திருக்கலாம். ராமநாதன் சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, அந்தப் புது ஸ்விட்சுக்கு எப்படியும் ஓர் ஆள் வேண்டியிருக்கும் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். அவர் எங்கள் பக்கம் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சேட் அன்று ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை. நாங்களும் பாட்டில் வைக்கவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். லேபிள் மேஜை காலியாக இருந்தது. லாரி வாசலில் டிரைவர்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாரக் கடைசியில், சரி என்று சொல்லியனுப்பினார்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷம் நிரந்தரமானவர்களில் என் பெயர் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. மூடி போடும் இடத்திலிருந்து என்னை எடுத்து, பாட்டில் கழுவும் தொட்டியில் போட்டார்கள். பாட்டில் கழுவும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் விரல் தோல் உரிந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் பழைய இடம் என்று இரண்டு முறை சொல்லியனுப்பினார்கள். எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தொட்டியில் நின்றே வேலை பார்த்தேன். மகன் வயிற்றில் இருந்தபோதும் அங்கேதான் நின்றேன்.

தொட்டியிலிருந்து பார்த்தால் சங்கம் நன்றாகத் தெரியும். அதனால் சுமன் திரும்பி வந்த நாளை நான் முழுசாகப் பார்த்தேன்.

பச்சை இல்லை, ஒரு நீலச் சேலை கட்டியிருந்தாள். கண்ணின்மேல் வெள்ளைத் துணி. பலகைக் கதவுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஸ்டூல். கைக்கு எட்டும் இடத்தில் கறுப்புப் பெட்டியில் புது ஸ்விட்ச். இரண்டு லைனிலும் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி ஓடியது. சுமன் பலகையைத் தள்ளி முதல் லைனை விட்டாள். பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பலகையை மறுபக்கம் தள்ளி இரண்டாம் லைனை விட்டாள். போயின. ஒன்றும் முட்டவில்லை. ஒன்றும் உடையவில்லை.

திடீரென்று ஷெட் முழுக்க நின்றுவிட்டது.

என்ன ஆயிற்று என்று விசில் பதறி ஓடிவந்தார். "க்யா ஹுவா? க்யா ஹுவா?"

சுமன் ஸ்விட்சின்மேல் கையை வைத்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"காஹி நாஹி" என்றாள். ஒன்றும் இல்லை. "நிறுத்தினால் நிற்கிறதா என்று பார்த்தேன்."

அவர் நின்றார். நாங்கள் எல்லோரும் கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். சுமன் அவசரப்படவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தோன்றியபோது ஸ்விட்சைப் போட்டாள்.